நாற்காலிப் படத்தை ஓவியமாகப் பார்ப்பது எப்படி? – பழைய மரச்சாமான் அச்சுப்படங்கள்

கோட்டுக்குள் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. பழைய மரச்சாமான் வடிவப் புத்தகங்களிலிருந்து (தச்சரும் வாங்குபவரும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் மாதிரிப் படப் புத்தகங்கள்) பிரிந்து வந்த மூன்று தனித்தாள்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.

முதல் தாளில் ஒற்றை நாற்காலி. கறுப்பு மை, நெருக்கமான குறுக்குக்கோட்டு நிழல், அடியில் ஓர் அளவுகோல். இரண்டாவதில் ஒரு வட்ட மேசையும் விளக்குத் தாங்கியும். வெறும் வெளிக்கோடுதான், நிழலே கிடையாது. மூன்றாவது வண்ணப்படம்: சோபா, அதன் பின்னால் மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை.

"எவ்வளவு அழகான நாற்காலி" என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அது தச்சருக்குப் போய்ச் சேரும் பாராட்டு. படத்தைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணை எங்கே வைப்பது?

கூடவே சில சந்தேகங்கள். நாற்காலியின் இடது காலும் வலது காலும் ஒன்றுபோல இல்லை; முதுகுப் பலகையின் செதுக்கு வேலையும் இரண்டு பக்கமும் வேறு வேறு. இது வரைந்தவரின் பிழையா, பாணியா? வெளிக்கோட்டுப் படம் பாதியில் நிறுத்தியதுபோல் இருக்கிறது. அதில் ரசிக்க என்ன உண்டு? இவை அந்தக் காலத்து அச்சா, பிற்கால நகலா என்று வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறதா? சட்டம் போடும்போது எதில் கவனம் வேண்டும்?

---

நிழற்கோடு

கால்கள் ஒத்துப்போகாத விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது பிழை இல்லை. வடிவப் புத்தகம் போட்டவர்கள் படத்தைச் செதுக்கி மை பூசி அச்சிடும் ஒரே செப்புத்தகட்டில் இரண்டு நாற்காலிகளை அடக்கினார்கள்: நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு வடிவம், வலப்பக்கம் இன்னொன்று. தகட்டுச் செலவும் செதுக்குக் கூலியும் மிச்சம். வாங்குபவருக்கு ஒரே தாளில் இரண்டு தேர்வு. சோதித்துப் பார்க்க, சட்டமில்லாத சிறிய முகக்கண்ணாடியை நாற்காலியின் நடுக்கோட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு பக்கம் திருப்பினால் ஒரு முழு நாற்காலி, மறுபக்கம் திருப்பினால் வேறொன்று.

ரொக்கோக்கோ என்ற 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அலங்காரப் பாணியில் வேண்டுமென்றே சமச்சீர் குலைத்த அலங்காரமும் உண்டு. சிப்பி, இலைச்சுருள், நீர்த்துளி எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். இரண்டையும் பிரித்தறிய, கால்களைப் பாருங்கள். கால்களின் அடிப்படை வடிவமே வேறு என்றால் இரட்டை வடிவம். கால்கள் ஒன்றாக இருந்து உச்சியிலுள்ள அலங்காரம் மட்டும் சாய்ந்திருந்தால் அது பாணி.

இரட்டை வடிவம் என்று தெரிந்ததும் படம் இன்னும் சுவையாகிறது. ஒட்டாத இரண்டு பாதிகள் ஒரே தாளில் ஒரே பொருளாக நின்றாக வேண்டும். இடது காலில் செதுக்கு வேலை கனமாக இருந்தால், வலப்பக்கம் முதுகின் மேல்முனையிலோ கைப்பிடியிலோ அந்தக் கனத்துக்கு ஈடு வைத்திருப்பார்கள். எந்தத் தச்சரும் செய்யப்போகாத, தாளில் மட்டுமே இருக்கக்கூடிய ஒரு சமநிலை அது. நீங்கள் கேட்ட "படத்தைப் படமாகப் பார்ப்பது" இங்கேதான் தொடங்குகிறது.

இப்போது வளைந்த முன்காலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'எல்' வடிவில் வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகளால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வையுங்கள். நிழல் என்று தூரத்தில் தெரிந்தது தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். ஒவ்வொரு கோடும் முடி போல மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து முடியும். செதுக்குளியைச் செம்பில் தள்ளும்போது கை அழுத்தினால் பள்ளம் ஆழமாகும், மை அதிகம் பிடிக்கும், கோடு பருக்கும். அந்தப் பருமன் கையழுத்தத்தின் பதிவு.

அடுத்து, கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். நல்ல செதுக்கர் காலின் உருளைமையைச் சுற்றிக் கோட்டை வளைப்பார். முட்டிப் பகுதியில் வளைவு அகலும், கணுக்காலில் இறுகும். சோம்பலான வேலையில் கோடுகள் எல்லாம் ஒரே சாய்வில் நேராக ஓடும், கால் தட்டையாகிவிடும். பிறகு அடுக்குகளை எண்ணுங்கள். வெளிச்சப் பக்கம் வெறும் தாள். அடுத்து ஒரு திசைக் கோடு. முட்டியின் கீழ்வளைவில் அதன்மேல் குறுக்காக இரண்டாவது அடுக்கு. உட்பக்க விளிம்பை நெருங்கும்போது மூன்றாவது. ஆனால் விளிம்பைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்றை விட்டிருப்பார்கள். தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் அது. அந்தக் கீற்று இல்லாவிட்டால் கால் பின்னணி நிழலோடு ஒட்டிக்கொண்டுவிடும். முழுப் படத்தில் அதிகத் திறமை கேட்கும் இடம் பெரும்பாலும் இந்தக் கீற்றுதான்: அங்கே மை வைக்கவே கூடாது, ஒரு முறை செம்பை வெட்டிவிட்டால் அதை நிரப்புவது பெரும் பாடு.

தாள் வெள்ளை எதையெல்லாம் செய்கிறது என்றும் பாருங்கள். அதே வெள்ளை, இருக்கையில் பட்டுத்துணி. செதுக்கிய இலையின் மேட்டில் பளபளப்பு. இரண்டு சட்டங்களுக்கு நடுவே வெறும் காற்று. சுற்றியுள்ள கோட்டின் தன்மைதான் எது எது என்று சொல்கிறது. துணியை விட்டு விட்டு வைத்த சிறு கோடுகளாலும் புள்ளிகளாலும் காட்டுவார்கள். மரத்துக்கு நீண்ட தொடர்கோடு. முகம்பார்க்கும் கண்ணாடிப் பலகைக்குச் சாய்ந்த இணைகோடுகள், நடு நடுவே இடைவெளி விட்டு.

இன்னொன்று, பார்வைக் கோணம். பல தகடுகளில் பொருளின் முன்முகம் நேர்முகமாக, அளவுகோலை வைத்து அளக்கத்தக்கதாக இருக்கும். பக்கமும் இருக்கையும் மட்டும் பின்னோக்கிச் சாய்ந்து ஆழம் காட்டும். கண்டிப்பான தூரக்காட்சி (பெர்ஸ்பெக்டிவ்) விதிப்படி இரண்டும் சேராது. ஆனாலும் கண் ஏற்றுக்கொள்கிறது. எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்று தேடுங்கள்: பெரும்பாலும் முன்காலின் உச்சியில், இருக்கைச் சட்டம் திரும்பும் மூலையில்.

கடைசியாக, தரையில் விழும் நிழல். கால்களின் அடியில் கிடைமட்டமாக நாலைந்து கோடு இருந்தால் நாற்காலி நிற்கும். இல்லாவிட்டால் மிதக்கும். இரண்டுமே வரைந்தவரின் தேர்வு.

---

இழைப்புளி

நிழற்கோடு சொன்னதோடு முழுக்க உடன்பட முடியவில்லை. இந்தப் படங்கள் மரத்தைப் பற்றியவை. மரத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமல் கோட்டை மட்டும் ரசித்தால் பாதிதான் கிடைக்கும். வரைபவர் எங்கே மரத்துக்கு அடங்கினார், எங்கே மீறினார் என்று பிடித்துவிட்டால்தான் அந்த மீறலின் துணிச்சல் புரியும்.

செய்முறை எளிது. ஒரு கவராயத்தை எடுத்து அடியிலுள்ள அளவுகோலில் ஓர் அடி எத்தனை மில்லிமீட்டர் என்று அளங்கள். 30 மி.மீ. வந்தால் படம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இருக்கை உயரம் படத்தில் 44 மி.மீ. இருந்தால் நிஜத்தில் 45 செ.மீ.க்கு அருகில், சரியான உயரம். இப்போது முதுகுப் பலகையின் மிக மெல்லிய கொடியையோ ரிப்பனையோ அளங்கள். 0.8 மி.மீ. என்றால் நிஜத்தில் 8 மி.மீ. நார் நீளவாட்டில் ஓடும் இடத்தில் அது தாங்கும். ஆனால் ரிப்பன் வளைந்து நாருக்குக் குறுக்கே போகும் இடத்தில் அங்கே குறுநார்தான், அதாவது நீளமில்லாத துண்டு நார்தான், மிஞ்சும். ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தாலே கொடி ஒடியும். கெட்டியான மகாகனியிலும் இதே கதைதான்.

அதனால் ஒவ்வொரு மெல்லிய வளைவையும் பின்தொடருங்கள். அது அடுத்த வளைவைத் தொட்டு முட்டுக்கொடுக்கிறதா, காற்றில் முடிகிறதா? தொட்டால் வரைந்தவருக்கு மரம் தெரியும். காற்றில் முடிந்தால் அவர் ஆபரண ஓவியர், பட்டறை வாடை பட்டிருக்காது.

மூட்டுகளையும் பாருங்கள். இருக்கைச் சட்டம் பின்காலோடு சேரும் இடத்தில்தான் ஒரு நாற்காலியின் முழுச் சுமையும் விழுகிறது. அங்கே கழுந்து (துளைக்குள் செருகும் முனை) நுழைய இரண்டு அங்குலமாவது சட்ட அகலம் இருக்க வேண்டும். பல படங்களில் அந்த இடத்தில் சரியாக ஓர் இலையோ தொங்கும் துணியோ வந்து மறைத்திருக்கும். மேசைகளில் இதற்கு இணையானது இழுப்பறை: வெளிமுகம் வயிறுபோல் வளைந்திருக்கும், ஆனால் உள்ளே இழுப்பறை எவ்வளவு ஆழம் போகும், பக்கப்பலகை எங்கே நிற்கும் என்பதற்கு இடமே இருக்காது. இழுப்பறை உண்மையில் திறக்குமா என்று மனத்தில் திறந்து பாருங்கள். பக்கத்தில் சிறியதாக வார்ப்பட்டையின் (விளிம்பில் ஓடும் அலங்காரப் பட்டை) குறுக்குவெட்டும் எழுத்துக்குறிகளும் போட்டிருந்தால் அந்தத் தகடு பட்டறைக்காக வரைந்தது. அவை எதுவும் இல்லாமல் திரைச்சீலையும் பூச்சாடியும் மட்டும் இருந்தால் வாங்குபவரை மயக்க வரைந்தது.

---

நிழற்கோடு

இழைப்புளி சார், நீங்கள் சொல்லும் சண்டை 1754-லேயே நடந்திருக்கிறது. லண்டன் மரச்சாமான் தச்சர் தாமஸ் சிப்பண்டேல் தன் வடிவப் புத்தகத்தின் முன்னுரையிலேயே, "இவையெல்லாம் பார்வைக்கு அழகான படங்கள், எந்தத் தொழிலாளியாலும் செய்ய முடியாது" என்று சொல்லக்கூடியவர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்: எல்லாமே செய்யக்கூடியவைதான் என்று. ஆனால் உள்ளே குறிப்புகளில், வடிவம் கெடாமல் செதுக்கு வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் அவரே சொல்கிறார். ஆக, தகட்டில் இருப்பது அலங்காரத்தின் உச்சவரம்பு. பட்டறையில் இறங்கும்போது கழித்துக்கொள்வது வழக்கம்தான். அந்த உச்சவரம்பு தாளில் மட்டும்தான் முழுசாக இருக்கிறது. அதனால்தான் அதைப் படமாகப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் கவராயச் சோதனையை நானும் பரிந்துரைப்பேன். தேர்வு வைக்க அல்ல, எங்கே படம் மரத்தை விட்டுக் கிளம்புகிறது என்று காண.

அந்தப் புத்தகம் முதல் பதிப்பில் 160 தகடுகள், 1762-இன் மூன்றாம் பதிப்பில் 200. தகடுகளில் பெரும்பகுதியைச் செதுக்கியவர் மத்தியாஸ் டார்லி. மூல வரைபடங்களில் பெரும் தொகுதி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். மூலத்தில் பேனாக்கோடும் சாம்பல் நிற நீர்த்த மைப் பூச்சும்தான். மென்மையான அந்தச் சாம்பல் செம்புக்குப் போகும்போது கோட்டடுக்காக மாற வேண்டும். ஒரே வடிவத்தின் வரைபடத்தையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தூரிகை வீச்சு எத்தனை கோடாகப் பிரிந்தது என்று ஒரு சதுர அங்குலத்தை மட்டும் பாருங்கள். செதுக்கர் வெறும் நகல் எடுப்பவர் இல்லை என்பது அங்கே தெரியும்.

இப்போது உங்கள் இரண்டாவது தாள். வெளிக்கோடு பாதி வேலை அல்ல, ஒரு தனிப் பாணி. ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களுக்கு வரைந்து 1793-இல் வெளிவந்த வெளிக்கோட்டுப் படங்கள், பழைய கிரேக்க மட்பாண்ட ஓவியங்களைப் பின்பற்றியவை. ஐரோப்பா முழுக்க அது பரவியது. பாரிஸில் கட்டடக் கலைஞர்கள் பெர்சியே, ஃபோன்தேன் இருவரும் 1801 முதல் தவணை தவணையாக வெளியிட்ட உள்ளலங்காரத் தகடுகள் வெளிக்கோட்டில்தான். லண்டனில் கலைப்பொருள் சேகரிப்பாளர் தாமஸ் ஹோப் 1807-இல் தன் வீட்டுச் சாமான்களைப் படமாக்கி வெளியிட்டதும் அப்படியே.

நிழலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விளிம்பும் விகிதமும். ஏமாற்ற இடமில்லை. குறுக்குக்கோட்டு நிழலில் ஒரு தப்பான வளைவை இருட்டில் தள்ளிவிடலாம். இங்கே அது அம்மணமாகத் தெரியும். வட்ட மேசையின் மேல்பலகை நீள்வட்டமாகத் தெரியுமல்லவா, அதன் இரு ஓரங்களைப் பாருங்கள். நல்ல வேலையில் அங்கே வளைவு கூராகாமல், உடையாமல், ஒரே மூச்சில் திரும்பும். மட்டமான நகலில் ஓரம் முனையாகிவிடும், எலுமிச்சம்பழம்போல. பிறகு கோட்டின் தடிமன். சில தகடுகளில் வெளிச்சப் பக்கக் கோடு மெலிதாகவும் எதிர்ப்பக்கமும் அடிப்பக்கமும் சற்றுத் தடிப்பாகவும் இருக்கும். நிழலே போடாமல் நிழலைச் சொல்லும் வழி அது. சிங்கப் பாதம், இறக்கை வைத்த பெண்முகம் போன்ற உருக்கள் எங்கே மேசையின் கட்டுமானத்தில் சேர்கின்றன என்பதையும் பாருங்கள். வெளிக்கோட்டில் அந்தச் சேர்க்கை ஒரே கோட்டில் நடக்கும், விலங்கின் கால் எந்த இடத்தில் தூணாகிறது என்று விரல் வைக்க முடியாது.

அழுத்தமாகச் சொல்கிறேன்: மூன்றில் அதிக நேரம் கேட்பது இந்தத் தாள்தான்.

வண்ணத் தாள் பற்றி. பதிப்பாளர் அக்கர்மன் லண்டனில் 1809 முதல் 1828 வரை நடத்திய மாத இதழிலும், பாரிஸில் பதிப்பாளர் லா மெசாஞ்சேர் 1802-இல் தொடங்கி 1835 வரை வெளிவந்த வரிசையிலும் வந்தவை கையால் வண்ணமிட்டவை. உங்களுடையது அந்த வகை என்றால், வண்ணத்துக்கு அடியில் உள்ள அச்சை முதலில் தேடுங்கள். ஆழம் தருவது அந்த அச்சுதான். மேலே ஓடும் நீர்வண்ணம் மெல்லிய, ஏறத்தாழ ஒரே சீரான பூச்சு. திரைச்சீலை மடிப்பின் இருட்டில் சில நேரம் கருவேலங்கோந்து பூசிப் பளபளப்பு ஏற்றியிருப்பார்கள். தாளைச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடம் மட்டும் மின்னும்.

---

அச்சுத்தடம்

அடையாளம் காண்பது பற்றி. பகல் வெளிச்சம், பத்து மடங்கு லென்ஸ், ஒரு மில்லிமீட்டர் அளவுகோல் போதும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் புள்ளி. லென்ஸின் கீழே சீரான வலைபோல் புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன். 1880-களுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சிறு பூப்போல வட்டமிட்டு நின்றால் நவீன ஆஃப்செட் அச்சு. இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான நகல்கள் விழுந்துவிடும்.

புள்ளி இல்லையென்றால் மை. செப்புத்தகட்டு அச்சில் மை பள்ளத்திலிருந்து எடுக்கப்படுகிறது, அதனால் தாளின்மேல் மெல்லிய மேடாக நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும், தடவிப் பார்க்க வேண்டாம். கோடுகளின் முனை கூராக முடிந்தால் உளிச் செதுக்கல். முனை மழுங்கி, கோடு முழுக்க ஒரே தடிமனாக இருந்தால் அமிலத்தில் அரித்த எட்ச்சிங். ஒரே தகட்டில் இரண்டும் கலந்திருப்பது மிகச் சாதாரணம்: வெளிவடிவத்தை அரித்துவிட்டு, நிழலை உளியால் முடிப்பார்கள். நுண்ணிய மணல்போன்ற சாம்பல் படலம் தெரிந்தால் அக்வாடின்ட். பிசின் துகளைச் சூடாக்கி ஒட்டவைத்து, இடையில் அமிலம் இறங்கவிட்ட தடம். மை மேடும் இல்லை, தகட்டுப் பள்ளமும் இல்லை, கோடு சுண்ணக்கட்டிபோல் சொரசொரப்பாக இருக்கிறது என்றால் லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு.

மூன்றாவது, தகட்டுத்தடம். செப்புத்தகடு அழுத்தத்தில் தாளைச் சுற்றி ஒரு நாற்கரப் பள்ளம் விடும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். நகலிலும் வெற்றுத்தகடு வைத்து அழுத்திப் பொய்த்தடம் போடுவார்கள். ஃபோட்டோகிராவூர் (புகைப்படத்தைச் செப்புத்தகட்டில் அரித்து அச்சிடும் முறை) நகலில் உண்மையான தடமே இருக்கும். லென்ஸில் கோட்டுக்குள்ளும் சீரான பொடிமணி தெரிந்தால் அதைச் சந்தேகிக்கலாம். மறுபுறம், ஓரம் வெட்டப்பட்ட மூலத்தில் தடம் காணாமலே போயிருக்கும்.

அடுத்து எழுத்து. படத்தின் இடது அடிமூலையில் வரைந்தவர் பெயர், 'இன்வ்' அல்லது 'டெலின்' என்ற சுருக்கத்தோடு. வலது மூலையில் செதுக்கியவர் பெயர், 'ஸ்கல்ப்' என்ற சுருக்கத்தோடு. வடிவமைத்தவரும் செதுக்கியவரும் வேறு ஆட்கள் என்பதை மூலையே சொல்லிவிடும். இங்கிலாந்தில் 1735-இன் செதுக்கர் காப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு வெளியிட்ட நாளையும் தகட்டில் பொறித்தார்கள். அது தகட்டின் தேதி, உங்கள் தாள் அச்சான தேதி அல்ல. 1753-இல் செதுக்கிய தகடு 1762 பதிப்பிலும் அதே தேதியோடு வரும்.

அந்த இடைவெளியைத் தாள்தான் நிரப்பும். ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான இணைகோடுகளும், இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியில் குறுக்குக்கோடுகளும் தெரிந்தால் வரிச்சட்டத் தாள். எதுவுமே தெரியாமல் சீராக இருந்தால் வோவ் தாள். இங்கிலாந்தில் 1757 வாக்கில் தொடங்கி, அந்த நூற்றாண்டு முடிவில்தான் பரவலானது. 1794 முதல் ஆங்கிலேயத் தாள்களில் நீர்க்குறியிலேயே ஆண்டு போடும் வழக்கம் வந்தது. நீர்க்குறியில் 1811 என்றிருந்தால் அச்சு அதற்கு முந்தியது அல்ல. பிந்தியது எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம்.

முற்பதிப்பா பிற்பதிப்பா என்பதற்கு நிழலின் ஆழத்தைப் பாருங்கள். செம்பு மென்மையானது, ஒவ்வோர் அச்சிலும் தேயும். முதலில் மறைவது மிக மெல்லிய கோடுகள். இருண்ட இடம் செழித்த கறுப்பாக இல்லாமல் சாம்பலாகவும் திட்டுத்திட்டாகவும் இருந்தால் களைத்த தகடு. சில இடம் மட்டும் திடீரென்று முரட்டுக் கறுப்பாக இருந்தால் தேய்ந்த பள்ளத்தை மறுபடி வெட்டியிருக்கிறார்கள். ரசனைக்கு இது பெரிய வித்தியாசம்: நிழற்கோடு சொன்ன அந்த வெள்ளைக் கீற்று, மறுவெட்டில்தான் முதலில் பலியாகும்.

வண்ணம் மூலக்காலத்ததா என்பதற்கு: பழுப்புப் புள்ளிகளின் மேலேறியும் மடிப்புப் பிளவுக்குள் இறங்கியும் வண்ணம் நின்றால் அது பிறகு பூசியது.

---

கோட்டுக்குள்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. பார்த்ததில் கிடைத்தவை: நாற்காலித் தாளில் மை மேடு இருக்கிறது, தகட்டுத்தடம் இருக்கிறது, ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் வரிகள் தெரிகின்றன. வெளிக்கோட்டுத் தாளிலும் தடம் உண்டு, தாள் வோவ். சோபாப் படத்தில் லென்ஸ் வைத்ததும் பூப்பூவாக வண்ணப் புள்ளிகள். அது நகல்தான்.

நாற்காலித் தாளில் பழுப்புப் புள்ளிகள் உள்ளன, நடுவில் ஒரு மடிப்பும் இருக்கிறது. தேய்த்து நேராக்கிச் சட்டம் போடலாமா?

---

தாள்காப்பு

இஸ்திரிப் பெட்டியை எடுக்க வேண்டாம். கனமான அழுத்தமும் வேண்டாம். மை மேடும் தகட்டுத்தடமும் அழுத்தத்தில் உருவானவை, இன்னோர் அழுத்தத்தில் தட்டையாகிப் போகும். பிறகு செப்பு அச்சுக்கும் நகலுக்கும் பார்வையில் வேறுபாடே இருக்காது. மடிப்பு கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். அது புத்தகத்தில் இருந்ததற்கான தடயமும்கூட. பழுப்புப் புள்ளிகளை வெளுக்க வீட்டு பிளீச் தொடவே கூடாது. நாரை அரித்துவிடும், புள்ளியும் சில ஆண்டுகளில் திரும்பும். புள்ளிகள் பரவாமல் இருக்க ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் போதும். வெளிச்சுவர், குளியலறைச் சுவர் இரண்டிலும் மாட்டாதீர்கள்.

சட்டமிடும் முறை: பின்னால் அமிலமற்ற அட்டை. தாளின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு கீல்கள். கீலுக்கு ஜப்பானியக் கோசோத் தாள், கத்தரியால் வெட்டாமல் நனைத்துக் கிழித்தது. கிழிந்த ஓரத்தின் நார்கள் படத்தாளில் மேடு விழாமல் படியும். பசை, கோதுமை மாவுச்சத்தில் காய்ச்சியது. கீல் ஒவ்வொன்றும் தாளை மூன்று நான்கு மி.மீ. பிடித்தால் போதும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரப்பதம் ஏறும்போது தாள் விரிய இடமின்றிப் புடைக்கும், இறங்கும்போது கிழியும். செல்லோ டேப், இரட்டைப்பக்க டேப், சூட்டில் ஒட்டும் படலம் எதுவும் ஆகாது. டேப்பின் பசை ஐந்தாறு ஆண்டில் தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகும், எடுக்கவே முடியாமல் போகலாம்.

முன்னால் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை, குறைந்தது ஒன்றரை மி.மீ. தடிமன். கண்ணாடி தாளைத் தொடாமல் நிறுத்துவதுதான் அதன் முதல் வேலை. தொட்டால் நீராவி படிந்து மை கண்ணாடியில் ஒட்டும். சட்டம் போடுபவர்கள் வழக்கமாக ஜன்னலைப் படத்தின் எல்லைக்குள் வெட்டிவிடுவார்கள், தடமும் அடியிலுள்ள பெயர்களும் மறைந்துவிடும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: தகட்டுத்தடத்துக்கு வெளியே மூன்று பக்கமும் 5 மி.மீ., அடியில் 8 மி.மீ. தாள் தெரிய வேண்டும்.

கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுப்பதாக இருக்கட்டும். வெளிச்சம் 50 லக்ஸ் அளவில். நேர்வெயில் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். கார்பன் கறுப்பு மை வெளிச்சத்துக்கு அசையாது, மங்குவதும் மஞ்சளாவதும் தாள்தான். சில மாதம் மாட்டி, சில மாதம் இருட்டில் வையுங்கள். மாட்டும் இடம்: படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. இந்த அச்சுகளை 40 செ.மீ. தூரத்தில் நின்று பார்க்க வேண்டும், அதனால் சோபாவுக்கோ கட்டிலுக்கோ மேலே மாட்டினால் யாரும் கிட்டே போக முடியாது. நடைவழிச் சுவர் நல்லது.

---

இழைப்புளி

ஒரு சேர்க்கை. நாற்காலித் தாளைச் சட்டத்துக்குள் அனுப்பும் முன் அளவுகோலோடு சேர்த்து நேராக ஒரு படம் எடுத்து, நிஜ நாற்காலியின் பாதி அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள். கண்ணாடி போட்ட பிறகு கவராயம் வைக்க முடியாது. பெரிதாக்கிய அச்சில் ஒவ்வொரு கொடியும் எதன் முன்னால் போகிறது, எதன் பின்னால் நுழைகிறது என்று பென்சிலால் பின்தொடரலாம். மூன்று இடத்தில் முன்பின் மாறினால் அதை யாரும் செதுக்க முடியாது. நிழற்கோடு அதைத்தான் அழகு என்பார், தெரியும்.

---

நிழற்கோடு

முன்பின் மாறினால் அதை அழகு என்று சொல்ல மாட்டேன் சார், அது செதுக்கரின் கவனக்குறைவு. கொடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் அடியில் போவதன் கோடுகள் ஒரு மயிரிழை முன்னாலேயே நிற்க வேண்டும். அந்த இடைவெளிதான் மேலே போவதை எழுப்பிக் காட்டும். பென்சிலோடு போகும்போது அந்த இடைவெளிகளையும் பாருங்கள்.

கோட்டுக்குள், சோபா நகலைத் தூக்கிப்போட வேண்டாம். மேலே மெழுகுத்தாள் வைத்துத் திரைச்சீலை மடிப்புகளின் இருட்டை மட்டும் பென்சிலில் எடுத்துப் பாருங்கள்: சோபாவின் முதுகு வளைவு எந்த மடிப்பிலிருந்து தொடங்குகிறது என்று தெரியும். திரைச்சீலையைப் பின்னால் வைத்ததே சோபாவின் விளிம்பை எடுத்துக்காட்டத்தான். பிறகு எந்த வெளிச்சமான சுவரிலும் மாட்டலாம். ஆஃப்செட் மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும். படம் நீலம் பாயத் தொடங்கினால் இன்னொரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.